பிளேஸ்டோ வீட்டுக்கு வைத்த சத்தம்

புதிதாக வீடுகளுக்குக் கள்ளர் அலாரம் பூட்டப் பழக வந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி, வெளிச்சுவரில் வைக்கிற சைரனுக்கு எந்தச் சத்தம் நல்லது என்பதுதான். கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் போனை எடுத்து எது எத்தனை டெசிபல் என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறீர்கள். பாருங்கள், பாருங்கள். நான் அதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

எங்கள் காலத்துச் சைரன் பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்பித் துண்டு இருக்கும். அதை இடம் மாற்றிச் செருகினால் சத்தம் மாறும். மூன்று சத்தங்கள். கம்பெனி அவற்றுக்கு என்னென்னவோ பெயர் வைத்திருந்தது. நான் வைத்த பெயர்கள் வேறு. ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊளையிடுவது 'அழுகை'. விட்டு விட்டுக் கத்துவது 'விக்கல்'. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே இழுவையாக வருவது 'நீட்டு'. வாடிக்கையாளர் எல்லாருக்கும் அழுகைதான் வேண்டும். அழகாக உடுத்தியிருக்கிற டாக்டர் வீட்டிலும் அதுதான், பெட்டிக்கடைக்காரர் வீட்டிலும் அதுதான். நீட்டைப் போட்டுக் காட்டினால், தொழிற்சாலையில் சாப்பாட்டுக்கு விடுவது மாதிரி இருக்கிறது என்று சிரிப்பார்கள்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைரன் கள்ளனைப் பிடிக்காது. யாராவது எட்டிப் பாருங்களேன் என்று தெருவைக் கேட்கும். அது செய்கிற வேலை அவ்வளவுதான். அதனால் வேலை முடிந்து சோதனைக்காகச் சைரனை அலறவிடும்போது நீங்கள் பெட்டியைப் பார்க்காதீர்கள். தெருவைப் பாருங்கள். எந்த யன்னலில் திரைச்சீலை அசைகிறது என்று பாருங்கள். அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறவர்தான் அந்த வீட்டுக்கு உண்மையான காவல். பல தெருக்களில் ஒன்றுமே அசையாது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அந்த வேலையைத் தனியாகத்தான் செய்தேன். ஒரு பழைய வேன், ஓர் ஏணி, நான். எண்பதுகளின் கடைசியில் தொடங்கியது. மனைவியும் மகளும் அப்போது கொழும்பில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு வேனுக்குள். சில நாட்களில் முழுப் பகலும் நான் பேசிய ஒரே பேச்சு, கடையில் பாண் வாங்கும்போது சொன்ன 'தாங் யூ' ஆகத்தான் இருக்கும். ஏணியின் உச்சியில் நின்று பார்த்தால் லண்டன் முழுக்கப் புகைபோக்கிகளும் சாத்திய யன்னல்களும்தான். இரக்கப்படச் சொல்லி இதைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிற விஷயத்தை அந்தக் காலத்து என் தனிமையை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிழக்கு லண்டன் பக்கம் பிளேஸ்டோவில் ஒரு வீட்டுக்கு அலாரம் பூட்டக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரி மகேஸ்வரி அக்கா, யாழ்ப்பாணம். ஐம்பது வயது இருக்கும். கணவர் ஊரில் சண்டைக்குள் செல் குண்டு விழுந்து செத்துப்போனவர். மகன் தாயை இங்கே கூப்பிட்டு, அந்த வீட்டையும் வாங்கி, பிறகு நல்ல வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போய்விட்டான். அக்கா ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டு அந்த வீட்டில் தனியே இருந்தார். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு தரம் பின்கதவை உடைத்துக் கள்ளர் வந்திருந்தார்கள். முதல் தரம் டீவி. இரண்டாம் தரம், அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்த நகை. எங்கள் ஆட்கள் நகையை அரிசிக்குள்தான் ஒளிப்பார்கள் என்பது அதற்குள் லண்டனிலுள்ள கள்ளர் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது.

"நகை போனால் போகட்டும் தம்பி," என்றார். "பட்டப்பகலிலை கண்ணாடியை அடிச்சு உடைச்சிருக்கிறாங்கள். சுத்திவர எத்தினை வீடு கிடக்கு? ஒரு சனமும் வந்து பாக்கேல்லை. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு. மூண்டாந்தரமும் இப்பிடி நடந்தால் நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன். எங்கை போறதெண்டும் தெரியாது, ஆனால் இருக்கமாட்டன்."

"சரி அக்கா. சைரனுக்கு எந்தச் சத்தம் வைக்கிறது?"

"உதிலை ஆகக் கூடின சத்தம் எதோ, அது."

"சத்தம் எல்லாம் ஒரே அளவுதான். ராகம்தான் வேறை."

மூன்றையும் மெதுவாகப் போட்டுக் காட்டினேன். அழுகையைக் கேட்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "இதுதான். கேக்கிற சனம் பதறியடிச்சு வெளியிலை வரவேணும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பூட்டி முடித்து அலறவிட்டு, வழக்கம்போலத் தெருவைப் பார்த்தேன். ஒரே ஒரு திரைச்சீலைதான் அசைந்தது. அக்கா வீட்டோடு ஒட்டிய பக்கத்து வீடு, இரண்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டு யன்னலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்றார். ஆனால் திரைச்சீலையை அவர் விலக்கவில்லை, இழுத்துச் சாத்தினார். சத்தம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "உந்த மனுசி முகம் குடுத்துக் கதைக்காது," என்றார் அக்கா. கிழவியின் பெயர் டோரிஸ் என்பதும், அவர் பிறந்ததே அந்த வீட்டில்தான் என்பதும் எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. இரண்டு பேரும் இரண்டு வருடமாக ஒரு சுவரின் இரு பக்கமும் இருந்து, குப்பைவாளி வெளியே வைக்கிற நாளில் தலையை ஆட்டிக்கொண்டதோடு சரி.

சில வாரம் போனபின் அக்கா டெலிபோன் எடுத்தார். அலாரம் சும்மா சும்மா அடிக்கிறதாம். வேலையால் வரும்போது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதாம். எப்போது என்று கேட்டேன். யோசித்து யோசித்து, எல்லாம் வெள்ளிக்கிழமையில்தான் என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் கோளாறு வருகிற இயந்திரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த வெள்ளி அரை நாள் லீவு போட்டு வரச் சொல்லிவிட்டு, நானும் போனேன்.

தெருமுனை திரும்பும்போதே கேட்டது. அழுகை, முழு வேகத்தில். மாசி மாதக் காலை, வானம் சாம்பல், தெருவில் ஒரு பூனைகூட இல்லை. என்னிடம் திறப்பு இல்லை. அக்கா வந்தால்தான் உள்ளே போகலாம். வேனுக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். நீங்கள் அறிவீர்கள், இருபது நிமிடத்தில் சைரன் தானே அடங்கிவிடும். அயலவருக்குத் தொல்லை கூடாது என்று வைத்த ஏற்பாடு. அடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் ஒரு கதவு திறக்கவில்லை. அக்கா சொன்னது சரிதான் என்று நினைத்தபோது எனக்கே ஒருமாதிரி இருந்தது.

சைரன் அடங்கிய பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லிய விசில். முதலில் என் காதுதான் இரைகிறது என்று எண்ணினேன். வேனை விட்டு இறங்கினேன். விசில் டோரிஸின் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கேத்தல். தண்ணீர் கொதித்து விசிலடித்துக்கொண்டிருக்கிறது, இறக்க ஆளில்லை. நான் வாசலுக்குப் போவதற்குள் விசில் இளைத்து, நின்றுபோனது. தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கதவைத் தட்டினேன். மணியை அடித்தேன். தபால் துவாரத்தைத் தூக்கிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆனால் அந்தத் துவாரத்தால் வெறும் இரும்பு காய்கிற மணம் வந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அலாரம் அடித்து ஓய்ந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு. உள்ளே தனியே ஒரு வெள்ளைக்காரக் கிழவி. வெளியே கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு கறுத்த ஆள். அந்தக் காலத்தில், அந்தப் பகுதியில், அந்தக் கதவை நான் உடைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? டெலிபோன் பெட்டிக்கு ஓடிப்போய்த் தீயணைப்புக்குச் சொல்வதுதான் ஒழுங்கு. பெட்டி தெருமுனைக்கும் அப்பால் இருந்தது. அதற்குள் அந்த அடுப்பு என்ன செய்யும் என்று தெரியாது. என் விசா, என் மனைவியின் விசா, மகள், எல்லாம் ஒரு சுற்று தலைக்குள் வந்து போயின. பயந்தேன். நான் வீரன் இல்லை.

அந்த நேரத்தில் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று வந்தார்.

"அக்கா, கெதியாத் திறவுங்கோ. பக்கத்து வீட்டிலை ஏதோ எரியுது. மனுசி சத்தம் இல்லை."

அவர் தன் வீட்டைத் திறந்தார். இருவரும் உள்ளே ஓடினோம். முன்னறையைக் கடக்கும்போது சாமித்தட்டில் குத்துவிளக்குச் சுடர் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். எதிர்ச் சுவரில், ஆள் நடமாட்டம் பிடிக்க நான் பூட்டிய சென்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக் கோளாறு அந்த ஓட்டத்திலேயே விளங்கிவிட்டது. காலையில் விளக்கேற்றிவிட்டு, அதை எரியவிட்டு, அலாரத்தையும் போட்டுவிட்டு அக்கா வேலைக்குப் போகிறார். அந்தக் காலத்துச் சென்சருக்கு ஆடுகிற சூடும் ஒன்றுதான், நடக்கிற ஆளும் ஒன்றுதான். பிறகு இதைச் சொன்னபோது, "சாமி விளக்கை ஆரும் நூத்துப்போட்டு வேலைக்குப் போவினமோ? அது தானா அணையவேணும்," என்று என்னைத்தான் பேசினார். விளக்கை விட்டுவிட்டுச் சென்சரைத்தான் வேறு சுவருக்கு மாற்றினேன். வெள்ளைக்காரன் எழுதிய எந்தக் கையேட்டிலும் இந்தக் கோளாறு இல்லை. எங்கள் வீடுகளுக்குப் போனால் சாமித்தட்டு எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள், மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்துகிற வீடானாலும் கேளுங்கள்.

பின்முற்றத்து வேலி இடுப்பளவுதான். தாண்டினேன். அக்கா தன் சால்வையைக் கழற்றி வீசினார். அதைக் கையில் சுற்றிக்கொண்டு டோரிஸின் குசினிக் கதவுக் கண்ணாடியை உடைத்தேன். பட்டப்பகலில், சுற்றிவர யன்னல்கள் பார்க்க. அப்போதும் ஒருவரும் வரவில்லை, ஏனடா உடைக்கிறாய் என்று கேட்கக்கூட. உள்ளே புகை. கேத்தலின் அடி கறுத்துச் சிவந்திருந்தது, பக்கத்தில் கிடந்த துணியின் கரை கருகத் தொடங்கியிருந்தது. காஸை மூடினேன். துணியைத் தண்ணீருக்குள் போட்டேன். யன்னலைத் திறந்தேன்.

கிழவியைக் காணவில்லை. மேலே பார்த்தேன், இல்லை. அக்காதான் கண்டுபிடித்தார். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் பழைய சப்பாத்தும் வைக்கிற அலுமாரிக் கதவு இடைவெளி விட்டிருந்தது. திறந்தால் உள்ளே இருட்டில் டோரிஸ் ஒரு சின்ன முக்காலியில் கோட் போட்டபடி, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தார். கண் எங்களைப் பார்த்தது. ஆள் அசையவில்லை.

"முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். "நீளச் சத்தம் இன்னும் வரவில்லையே."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக, பாடம் சொல்வது மாதிரிச் சொன்னார். ஏறி இறங்குகிற சத்தம் வந்தால் குண்டு போடுகிற ஜெர்மன் விமானம் வருகிறது, உள்ளே போ. ஒரே இழுவையாக நீளச் சத்தம் வந்தால் விமானம் போய்விட்டது, வெளியே வா. நீளச் சத்தம் கேட்காமல் அசையக்கூடாது என்பது தாயின் கட்டளை. பத்து வயதுப் பிள்ளையாக அவர் பதுங்கியது இதே படிக்கட்டின் கீழ்தான்.

"எனக்குப் பைத்தியம் இல்லை," என்றார் என் முகத்தைப் பார்த்து. "சண்டை முடிந்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் வந்தால் கால் தானாக இங்கே வந்துவிடுகிறது. மற்ற வெள்ளிக்கிழமைகளில் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டேன். இன்றைக்குக் கால் வரமாட்டேன் என்கிறது."

பாருங்கள் நாங்கள் செய்து வைத்திருந்த வேலையை. பகலில் அந்தத் தெருவில் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் இவர். திரைச்சீலையை விலக்கிப் பார்க்கக்கூடிய ஒரே மனிதர். அவரை வெளியே கூப்பிட வேண்டிய சைரன், வெள்ளிக்கு வெள்ளி அவரைப் படிக்கட்டின் கீழ் துரத்தியிருக்கிறது. துரத்திவிட்டு, வெளியே வா என்று சொல்லாமலே இருபது நிமிடத்தில் வாயை மூடியிருக்கிறது.

அவர் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்காவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் நான் முடிக்கும் முன்பே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அட, மனுசி பங்கருக்குள்ளை எல்லோ இருக்குது," என்றார். ஊரில் குண்டு போட விமானம் வந்தால் நாங்கள் ஓடிப் பதுங்குகிற குழிக்கு அதுதான் பெயர். குனிந்து அந்த அலுமாரிக்குள் நுழைந்தார். துடைப்பத்தை ஒதுக்கி, டோரிஸின் முக்காலிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, அவர் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். இருட்டுக்குள் இருந்தபடியே என்னைப் பார்த்து, "தம்பி, உங்களிட்டை அந்த நீளச் சத்தம் கிடக்குத்தானே? போய் அடிச்சுவிடுங்கோ," என்றார்.

ஏணியைச் சாத்தி ஏறினேன். சைரன் பெட்டியைத் திறந்து கம்பித் துண்டைப் பிடுங்கி நீட்டில் செருகினேன். அதைத் திரும்ப ஒருநாளும் நான் மாற்றவில்லை. தெரிந்த அலாரக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்காத சத்தத்தை இரண்டு தரம் களவு போன வீட்டுக்கு வைத்திருக்கிறானே என்று. அடுத்த கோடையில் மூன்றாம் முறையும் கள்ளன் வந்தான். நீட்டு அடித்தது. டோரிஸ் செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே தெருவுக்கு வந்து நின்றார். பின்கதவில் கை வைத்தவன், முன்பக்கம் கிழவியின் குரல் கேட்டதும் வேலி பாய்ந்து ஓடிவிட்டான். அக்கா அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. ஆகவே எந்தச் சத்தம் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். பகலில் அந்தத் தெருவில் யார் இருக்கிறார், எந்தச் சத்தத்துக்கு அவர் வெளியே வருவார் என்று அந்தத் தெருவைக் கேளுங்கள். இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். வேலை நேரம் வீண் என்று முதலாளி சொன்னால், அவருக்கு நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கள்ளனை விரட்டியது பெரிய விஷயந்தான். ஆனால் சைரனைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கள்ளன் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக் காலைதான்.

ஏணியால் இறங்கி அக்கா வீட்டுக்குள் போய்ச் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். நீளச் சத்தம் தெரு முழுக்க நிறைந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. சாமி விளக்கு ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அடிக்கவிட வேண்டும் என்று நான் கேட்டு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, போதும் என்று அக்கா கையால் சுவரில் தட்டுகிற வரைக்கும் விட்டேன். பிறகு நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

டோரிஸின் முன்கதவு திறந்தது. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் தெருவுக்கு இறங்கினார். முகம் மாறியிருந்தது. கோட்டைத் தட்டிவிட்டார், தலைமயிரைக் கையால் ஒதுக்கினார், யாரோ பார்க்கப் போகிறார்கள் என்பது மாதிரி. தெருவின் அந்தக் கோடி வரை பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பி இந்தக் கோடி வரை பார்த்தார். வரிசையாகக் கதவுகள். ஒன்றும் திறக்கவில்லை. அந்த நாட்களில் நீளச் சத்தம் கேட்டதும் தெருவே வெளியில் வருமாம். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்ப்பார்களாம். இதை அவர் பிறகொருநாள்தான் சொன்னார். அன்றைக்குக் கொஞ்ச நேரம் காத்து நின்றார்.

பிறகு என்னிடம் திரும்பி, "எல்லாரும் எங்கே?" என்று கேட்டார்.

வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை என்று தெரிந்தது. கொழும்பில் இருக்கிற என் இரண்டு பேரையும் நினைத்தேன்.

"மனுசி என்ன கேக்கிறா?" என்றார் மகேஸ்வரி அக்கா.

"எல்லாரும் எங்கை எண்டு கேக்கிறா."

அக்கா டோரிஸின் கையைப் பிடித்தபடியே வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதைத்தான் நானும் கேக்கிறன் எண்டு சொல்லுங்கோ, தம்பி."

சொன்னேன். டோரிஸ் தலையை ஆட்டினார். குளிர் கடித்தது, ஆனாலும் மூன்று பேரில் ஒருவரும் உள்ளே போகவில்லை.